சாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் எவளாவது ஒருத்தி என் காதருகே வருவாள். "ஏ தேவம்மா, உன்ற நங்கைதானே சாமிய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கொதிக்கிற சாம்பாரை அப்படியே அவள் தலையில் கவிழ்க்கலாம் போல எனக்கு வரும். ஆமாம், கொண்டுபோனாள். கொண்டுபோனதால்தான் என் கழுத்தில் தாலி தொங்குகிறது. அதை ஒருத்தியாவது கேட்கிறாளா?

பூவாத்தாள் என் வீட்டுக்காரர் சித்தையனின் அக்கா. எனக்கு நங்கை முறை. ஹனூர்ப் பக்கமிருந்து மைசூருக்கு வந்து, விஜயநகரில் ஒரு தகர ஷெட்டில் மெஸ் நடத்துகிறாள். ராகிக்களி, கீரை, சோறு, மொச்சைக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை கோழி. மற்ற மெஸ்களில் இருட்டிய பிறகுதான் சாப்பாடு. நங்கை பொழுது சாயும்போதே சோற்றை வடித்து இறக்கிவிடுவாள். கட்டட வேலை முடித்து வருகிறவர்களும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களும், எல்லாம் நாற்பது ஐம்பது வயது ஆண்கள், இவள் கடையைத் தாண்டித்தான் ஒயின் ஷாப்புக்குப் போக வேண்டும். கரண்டியோடு வாசலுக்கு வந்து மறிப்பாள்.

"மொதல்ல சோறு. அப்புறம் போயி உன்ற எழவக் குடி."

குடிக்காதே என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிற பிறவிகளா அவர்கள்? வயிறு நிறையச் சாப்பிட்டவனால் மூன்று பாக்கெட் சாராயம் குடிக்க முடியாது, ஒன்றோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான் என்பது அவள் கணக்கு. அது பலரிடம் பலிக்கவும் செய்தது. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவனை மட்டும் அவள் இப்படி விடமாட்டாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்துவாள். இதற்கு எங்கள் ஆட்கள் கொடுத்த பெயர் என்ன தெரியுமா? "முண்டச்சி, தெனமும் ஒரு ஆம்பளைய வண்டியில ஏத்திக்கிட்டு ஊர் மேயறா." இதைச் சொன்னவளின் புருஷனையும் நங்கைதான் ஏற்றிக்கொண்டு போனாள். நன்றி கெட்ட ஜன்மங்கள்.

நங்கையின் புருஷன் காளியப்பன் அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பெரிய குடிகாரர். ஒருநாள் மாதேஸ்வரன் மலைக்குப் போய், இனித் தொடமாட்டேன் என்று அந்த மலைச்சாமி மாதப்பன் பேரில் சத்தியம் செய்து, கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். சத்தியத்தையும் காப்பாற்றினார். மூன்றாம் நாள் உடம்பு உதறியது. சாமி வந்துவிட்டது என்று ஊரே கூடிக் கற்பூரம் கொளுத்தியது. மறுநாள் அவர் இல்லை. மாதப்பன் தன் காலடிக்குக் கூட்டிக்கொண்டான் என்று பேசிக்கொண்டார்கள். தினமும் குடிக்கிற உடம்புக்குச் சாராயத்தை ஒரே நாளில் நிறுத்தினால் இப்படி உதறும், ஆளையே கொல்லும் என்று ரொம்ப நாள் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் நங்கைக்குத் தெரிந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் என் வீட்டில் என்ன நடந்தது பாருங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. காலையில் ஒரு நைன்ட்டி பாக்கெட்டை உறிஞ்சினால்தான் ஜன்னல் சட்டத்தில் பிரஷ் நேராக ஓடும் என்ற நிலைக்கு வந்திருந்தார். நங்கை அவரை டாக்டரிடம் வரச்சொல்லிக் கெஞ்சினாள். மாத்திரையோடு மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்றாள். இவரும் சரி என்றுதான் தலையாட்டினார். அதற்குள் மல்லப்பன் வந்து சேர்ந்தார். இவருடைய சித்தப்பா, எனக்குச் சின்ன மாமனார். காளியப்பன் அண்ணனுக்கு அன்றைக்குக் கயிறு கட்டிவிட்ட அதே புண்ணியவான்.

"கொறைக்கறதா? அதென்னடா பொம்பளைப் பேச்சு! ஆம்பளைன்னா ஒரே வெட்டு. மாதப்பனவிட உன்ற டாக்டரு பெருசா?"

எங்கள் ஆண்களுக்குக் குறைக்கிறேன் என்று சொல்ல நாக்கூசும். விட்டுவிட்டேன் என்று சொன்னால் மட்டும் மீசை தானாக மேலே போகும். இவர் மீசையும் போனது. நான் கத்தினேன், அழுதேன். "சும்மனே இரு, பெரியவங்க பேசறாங்கல்ல" என்று என்னை அடக்கினார்கள். மலைக்குப் போவதற்கு முன்தினம், கடைசிக் குடி என்று சொல்லி மல்லப்பன் மாமாவே பாட்டில் வாங்கி ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் கொள்ளேகால் போய் பஸ் ஏறினார்கள். இவர் கையில் கயிறு கட்டும்போதும் அந்த மனுஷன் வாயில் வாடை அடித்ததாம். "நான் அளவாக் குடிக்கறவன், எனக்கெதுக்குக் கயிறு?" என்று விளக்கம் வேறு. தூ!

திரும்பி வந்த அன்றே இவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் தூக்கமில்லை. அதற்கும் அடுத்த நாள் மத்தியானம் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எறும்பு... செவுரு பூரா எறும்பு... ரோலர எடு, ரோலர எடு" என்று காற்றில் பெயின்ட் அடித்தார். உடம்பு முழுக்க உதறியது. கண் எங்கேயோ போயிருந்தது.

"உகே மாதப்பா!" என்று மலையில் பக்தர்கள் போடுகிற கூப்பாட்டை மல்லப்பன் மாமா போட்டார். அவ்வளவுதான், வீடு கோயிலாகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், பக்கத்து லேஅவுட்காரர்களும் வந்தார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து இவர் தலையில் ஊற்றினாள். ஒருத்தி காலில் விழுந்து மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டாள். "எறும்பு" என்றார் இவர். எறும்பு போல நம் கூட்டம் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று சாமி சொல்கிறது என மல்லப்பன் மாமா அர்த்தம் சொன்னார். அடப்பாவிகளா! நான் இவரைத் தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகச் சுட்டது. ஆட்டோ கூப்பிடுங்கள் என்று அலறினேன். "சாமி மேல இருக்கறப்போ தொடாத, தள்ளு" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் திமிறிக்கொண்டு போய் நங்கைக்குப் போன் போட்டேன்.

அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, கையில் மாவோடு வந்தாள். வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டே உள்ளே நுழைந்தாள். கற்பூரத் தட்டைக் காலால் ஒதுக்கினாள். எல்லாரும் ஐயையோ என்றார்கள்.

"அக்கட்டால போங்க எல்லாரும்!"

மல்லப்பன் மாமா குறுக்கே நின்றார். "பூவாத்தா, அவசரப்படாத. சாமி மலையேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"மலையேறப் போறது சாமி இல்ல சித்தப்பா, என்ற தம்பி உசுரு!" என்றாள். குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "என்ற வூட்டுக்காரரும் இப்படித்தான் ஒதறுனாரு. 'என்னய உட்டுறாத பூவா'ன்னு என்ற கையப் புடிச்சுக் கெஞ்சுனாரு. சாமி பேசுதுன்னு நீங்கதான சொன்னீங்க? நானும் கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு நின்னேன். என்ற புருசன் உசுருக்குக் கெஞ்சறான், நான் கும்புட்டுக்கிட்டு நிக்கறேன்! இன்னொருக்கா நிப்பேன்னு நெனச்சீங்களா?"

காளியப்பன் அண்ணனின் அந்தக் கடைசி வார்த்தை எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் இரண்டு பேருமாக இவரைத் தூக்கினோம். மாதப்பனைப் பழித்துவிட்டாள், குலம் விளங்காது என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. விளங்காமல் போகட்டும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே இவருக்கு வலிப்பு வந்தது. டாக்டரம்மா ஊசி போட்டு, ஆளைப் படுக்கவைத்த பிறகு எங்களைப் பிடித்துக் கன்னடத்தில் திட்டினாள். தினமும் குடிக்கிறவனை இப்படித் திடீரென்று நிறுத்தச் சொன்ன புத்திசாலி யார், இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். எங்கள் பின்னாலேயே வந்திருந்த மல்லப்பன் மாமாவை நான் திரும்பித் தேடினேன். அவர் வெளியே மரத்தடியில் நின்று யாரிடமோ போனில், சாமி எப்படி வந்தது என்று விவரித்துக்கொண்டிருந்தார்.

இவர் பிழைத்தார். முழுசாக விட்டுவிட்டார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சில மாதம் மாத்திரையோடு நன்றாக இருந்தார், பிறகு ஒருநாள் வழுக்கினார். நங்கை திட்டவில்லை, மறுபடியும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது பொழுது சாய்ந்ததும் நேராக மெஸ்ஸுக்கு வந்து களி தின்கிறார். எப்போதாவது ஒரு பாக்கெட். டாக்டரம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஆனால் காலையில் கை நடுங்குவதில்லை. பிரஷ் நேராக ஓடுகிறது.

போன ஆடி அமாவாசைக்கு நங்கை வீட்டில் காளியப்பன் அண்ணனுக்குப் படையல். எங்கள் வழக்கத்தில் செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படத்தின் முன்னால் வைப்போம். அவர் குடிகாரர் இல்லையா, அதனால் ஒவ்வொரு வருஷமும் மல்லப்பன் மாமா ஒரு குவார்ட்டர் கொண்டுவந்து வைப்பார். அன்றைக்கு அண்ணன் வாயால் "உட்டுறாத" என்று சாமியே கேட்டதாம், எந்த வருஷமும் விடக்கூடாதாம். கும்பிட்டு முடிந்ததும் அதை முதலில் மச்சினன் கையில் ஊற்ற வேண்டும். மச்சினன் என்றால் என் வீட்டுக்காரர். பிறகு மற்ற ஆண்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த வருஷமும் பாட்டில் வந்தது, மாலை போட்ட படத்தின் முன்னால் உட்கார்ந்தது. இவர் அதைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்தேன்.

இலையில் சோறு விழுவதற்கு முன்பே மாமா மூடியைத் திருகினார். "ஒரு மொடக்குதான்டா. செத்தவரு பங்கு. வேண்டாங்கக் கூடாது."

இவர் கை நீண்டது.

"சித்தப்பா" என்றாள் நங்கை. இந்த முறை கத்தவில்லை. "அவரு எதனால செத்தாரு?"

"அது... சாமி கூப்புட்டுக்கிச்சு."

"குடிய உடறேன்னு சொல்லித்தான் செத்தாரு. மூணு நாளு வாயில வெக்காம, ஒதறி ஒதறி, சொன்ன சொல்லக் காப்பாத்திக்கிட்டுச் செத்தாரு. அந்த மனுசனுக்கா வருசா வருசம் ஊத்தறீங்க?"

மாமாவின் கையில் மூடி, மறுகையில் பாட்டில். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். என் வீட்டுக்காரர் நீட்டிய கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, மாமாவிடமிருந்து பாட்டிலை வாங்கி, வாசலுக்கு வெளியே அவர் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நங்கை, காளியப்பன் அண்ணன் படத்தையும் அதன் முன்னால் இருந்த வெற்று இலையையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏ புள்ள தேவா, நிக்காத. அவரு எலையில மொதல்ல சோறு வெய்யி."