என் மகள் 'ஆமாம்' என்று எழுதிய படிவம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எப்போதும் சிரித்த முகம். சென்ற மாதம், பிள்ளைகளின் மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்யும் குழு ஒன்று திருமழிசையில் உள்ள அவள் பள்ளிக்கு வந்தது. எங்களுக்கு ஒரு படிவம், பிள்ளைகளுக்கு ஒரு படிவம். 'உங்கள் பிள்ளை அடிக்கடி அழுகிறதா?' போன்ற கேள்விகளுக்கெல்லாம் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் பள்ளி ஆலோசகர் கூப்பிட்டார். அதே கேள்விகளுக்கு என் மகள் பெரும்பாலும் 'ஆமாம்' என்று எழுதியிருந்தாளாம். படிவம் மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, "இன்னாடி இப்படி எழுதி வெச்சுகீறே? உனக்கு இன்னா கொறச்சல்?" என்று கத்தினேன்.

"தப்பா எழுதிட்டேம்மா" என்று சிரித்தாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பயம் வந்தது. தினமும் நான் பார்ப்பது இதே சிரிப்புதானே?

மறுநாள் அவளோடு ஆலோசகரைப் பார்த்தேன். "ஏன்னு கேக்காதீங்க, எப்போன்னு கேளுங்க" என்றார் அவர். கேட்டேன்.

"குளிக்கப் போறப்போ பாத்ரூம்ல தண்ணிய தெறந்துவிட்டுட்டு அழுவேம்மா. ஏன்னு எனக்கே தெரியல."

இப்போது வாராவாரம் ஆலோசனைக்குப் போகிறோம். காரணம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. முன்பெல்லாம் குழாய்ச் சத்தம் நீண்டால், "தண்ணிய வீணாக்காதே" என்று அதட்டுவேன். இப்போது கதவருகே போய், "அம்மா இங்கதான் கீறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.