கருவாடு தின்ற ஆடு

ஆட்டைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பிரியாணியில் கண்டால் மட்டும் சற்றுத் தணியும். காரணமில்லாமல் ஒரு வாயில்லாப் பிராணியை வெறுக்கிற ஆள் இல்லை நான். காரணத்தைச் சொன்னால் உங்களுக்கு ஆட்டைவிட என் மேல்தான் கோபம் வரும். வரட்டும்.

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் இங்கிலீஷ் படித்தவள் என் அக்கா. அவள் படித்து முடித்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் வந்து, விசைப்படகுகள் கரையில் சும்மா கிடந்தன. அய்யாவும் வீட்டில் சும்மா கிடந்தார். கடலுக்குப் போகாத நாட்களில் அவர் யோசிப்பார். அவர் யோசித்தால் யாருக்காவது கல்யாணம் என்று அர்த்தம். தூத்துக்குடியில் ஒரு மாப்பிள்ளை அகப்பட்டார். அக்கா, டீச்சர் வேலைக்குத்தான் போவேன் என்று நின்றாள்.

"படகு கடல்ல எறங்குறதுக்குள்ள வேலை கெடச்சா பாப்போம். இல்லன்னா நான் வாக்குக் குடுத்துருவேன்" என்றார் அய்யா.

அந்த இரண்டு மாதமும் அக்கா தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து டியூஷன் எடுத்தாள். நான் அப்போது நாலாவது. இங்கிலீஷ் இலக்கணம் என்றால் நாங்கள் ஓடிவிடுவோம் என்று தெரிந்து, அவள் இலக்கணம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் மாடு, பூனை, காக்கா, கொக்கு என்று வரைந்தாள். எது எதைத் தின்னும் என்று கேட்டாள்.

"ஒத்த மாடு தின்னா 'ஈட்'டுக்கு ஒரு வால் உண்டு. மந்தையா நின்னு தின்னா வால் கெடையாது. அம்புட்டுத்தான்."

கடைசியில் வருகிற 'எஸ்' என்ற எழுத்துதான் வால். தி கேட் ஈட்ஸ் ஃபிஷ். கேட்ஸ் ஈட் ஃபிஷ். ஒரே வாரத்தில் தெருவே வாலாட்டியது.

அவளுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. சிங்கம் மனுசனைத் தின்னும் என்று நான் ஒரு நாள் இங்கிலீஷில் கர்ஜித்தபோது, "ஏலே, நீ பாத்தியா?" என்றாள்.

"இல்ல."

"அப்பறம் என்னத்துக்குச் சொல்ற? பாத்தத மட்டும் சொல்லு."

மே மாதக் கடைசியில், பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தனியார் பள்ளியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பாடம் நடத்திக் காட்ட வேண்டும். விடுமுறை என்பதால் பிள்ளைகளையும் அவளே கூட்டி வர வேண்டும். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தாள். அதில் நான் இருந்தது என் அறிவுக்காக அல்ல. என்னை வீட்டில் விட்டுப்போக அம்மா சம்மதிக்கவில்லை. ஒழுங்காகப் பதில் சொன்னால் திரும்பும்போது மண்டபத்தில் ஐஸ்கிரீம் என்று பேச்சு.

பாடம் அருமையாகப் போனது. வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த தாளாளரும் தலைமையாசிரியை அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். தாளாளர் அக்காவை "மேடம்" என்று கூப்பிட்டார். அக்காவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு அவர் எழுந்து முன்னால் வந்தார். படங்களை எல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறு பேரில் மிகச் சரியாக என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

"வாட் டஸ் தி கோட் ஈட்?"

ஆடு எங்கள் படங்களில் இல்லை. காலண்டர் தாள் அதற்குள் தீர்ந்துவிட்டது. ஆனால் என் மனதில் ஒரு ஆடு கொம்போடு வந்து நின்றது. எதிர்வீட்டு ஆடு. அம்மா மணலில் வலையை விரித்து நெத்திலி காயப்போடுவாள். குச்சியோடு காவல் இருப்பது என் வேலை. பத்து நாளைக்கு முன்னால் நான் கோலி விளையாடப் போன நேரத்தில், அந்த ஆடு பாதிக் கருவாட்டைத் தின்றுவிட்டு மீதியின் மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆட்டுக்கு விழ வேண்டிய அடியும் எனக்கே விழுந்தது. பார்த்ததைச் சொல் என்றால் இதைவிட எதை நான் பார்த்திருக்கிறேன்?

எழுந்து, "தி கோட் ஈட்ஸ் ட்ரை ஃபிஷ், சார்" என்றேன். வாலை விடவில்லை.

எங்கள் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் ஆடு அதைத்தான் தின்றது. தாளாளர்தான் சிரித்தார். வயிறு குலுங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடக்கரைப் பிள்ளைகளுக்கு எதைக் கேட்டாலும் கருவாட்டு நெனப்புத்தான். நாளைக்கு நம்ம ஸ்கூலும் நாறும்போல" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். பிறகு அக்காவிடம், "தப்புன்னு சொல்லி உக்கார வைங்க மேடம். மேல பாப்போம்" என்றார்.

அக்கா சாக்பீஸை உருட்டிக்கொண்டே என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடி விழப்போகிறது என்று நான் கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"தப்பு இல்ல சார்" என்றாள். "எங்க ஊர்ல ஆடு கருவாடு திங்கும். நானே வெரட்டியிருக்கேன்."

"புக்குல அப்படி இல்லையே."

"புக்கு எழுதுனவரு எங்க ஊருக்கு வந்திருக்க மாட்டாரு சார்."

தாளாளரின் சிரிப்பு நின்றது. லெட்டர் போடுகிறோம் என்றார். அந்த 'மேடம்' திரும்ப வரவில்லை.

மண்டபம் பஸ் நிலையத்தில் ஐஸ்கிரீம் வண்டி நின்றது. நான் அக்காவின் சேலையை இழுத்தேன். "பேசாம வாடா" என்றாள். எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது. சரியான பதில், வாலோடு சொன்ன பதில். இவள் தேவையில்லாமல் ஒரு பெரிய மனுசரோடு வாய்கொடுத்தாள், ஐஸ்கிரீம் எனக்குப் போயிற்று. பாலத்தின் மேல் பஸ் போகும்போது மற்ற பிள்ளைகள் கடலைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். நான் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே பழி வாங்கினேன். அவள் வரைந்த படங்களை அள்ளிக்கொண்டு போய் எதிர்வீட்டு ஆட்டின் முன்னால் போட்டேன். அது மாட்டைத் தின்றது. பூனையைத் தின்றது. கொக்கின் காலை மென்றுகொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் நின்றாள்.

"பாத்துக்கிட்டியா? இனிமே தி கோட் ஈட்ஸ் பேப்பர்னும் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் வையாமல் போனது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

கடிதம் வரவில்லை. ஜூன் பாதியில் படகுகள் இறங்கின. அய்யா வாக்குக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனார். கல்யாணப் பந்தியில் நான் மூன்று ஐஸ்கிரீம் சாப்பிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று அக்காவை மன்னித்தேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு.

இப்போது நான் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். சிரித்துக்கொள்ளுங்கள். போன வருடம் கல்வி அதிகாரி ஒருவர் வகுப்பின் பின்னால் வந்து உட்கார்ந்தார். மாடு என்ன தின்னும் என்று கேட்டேன். புதுமடத்திலிருந்து வருகிற ஒரு பெண்பிள்ளை எழுந்து, "தி கவ் ஈட்ஸ் போஸ்டர்ஸ், சார்" என்றது. பள்ளிக்கூடத்து வாசலில் மாடு தினமும் சுவரொட்டியைத்தான் தின்கிறது. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தப்பு. உக்காரு" என்றேன்.

பிள்ளை உட்கார்ந்துவிட்டது. அதிகாரி குறிப்பேட்டில் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போனார்.

சாக்பீஸை உருட்டிக்கொண்டு அக்கா நின்ற அந்த நேரத்தை, அவள் என் மேல் கோபமாக இருந்த நேரம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். 'தப்பு' என்று சொல்ல அவ்வளவு நேரம் தேவையில்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு நொடிகூட ஆகவில்லை.