சட்டி விரதத்தில் செய்த பேய் விரல்கள்

"31.10.2019, வியாழன். நோர்பரி. சட்டி நான்காம் நாள். சூரன், வயது ஏழு."

ஒரு புகைப்படத்தின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. படங்களை அச்சிட்டு நாளும் இடமும் குறித்து வைப்பது என் பழக்கம். இங்கிலாந்தில் பலருக்கு அந்தத் திகதி வேறொன்றுக்காக நினைவிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் போகிறோம் என்று அரசாங்கம் சொல்லியிருந்து, வெளியேறாமல் போன நாள் அது. எங்கள் வீட்டில் அது பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹலோவீன், அவ்வளவுதான்.

படத்தில் சூரன் வேஷத்தில் நிற்பவள் என் மனைவியின் தங்கையின் மகள். தங்கையும் அவள் கணவரும் பிள்ளையோடு நான்கு வருடங்களாக எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்தார்கள். இருவருக்கும் ஷிப்ட் வேலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, தலை பின்னுவது, சோறு ஊட்டுவது எல்லாம் எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் வேலையாக நினைத்ததில்லை.

அந்த நவம்பரில் அவர்கள் ரொறன்ரோவுக்குப் போகவிருந்தார்கள். பள்ளிக்கூட வருடம் முடியும் ஜூலை வரையாவது பிள்ளையை எங்களோடு விட்டுப் போகும்படி மனைவி தங்கையிடம் கேட்டிருந்தாள். தங்கை மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. "இவரோடை கதைச்சுப்போட்டு, வியாழக்கிழமை வேலையாலை வந்து சொல்லுறன் அக்கா" என்றிருந்தாள். நான் சொல்வது அந்த வியாழக்கிழமையைத்தான்.

தீபாவளி முடிந்த மறுநாளே முருகனுக்குரிய ஆறு நாள் கந்தசட்டி தொடங்கியிருந்தது. மனைவி ஆறு நாளும் விரதம். பகலில் வாயில் ஒன்றும் படாது. இரவில் பாலும் பழமும். ஒரு பிள்ளை வேண்டித் தொடங்கிய விரதம். அதைக் கேட்கிற வயது கடந்த பிறகும் அவள் விடவில்லை, ஏனென்று நானும் கேட்கவில்லை. துணைக்கு இருக்கத் தொடங்கி, நானும் அதில் பழகிப் போனேன்.

வேஷம் பிள்ளையின் யோசனை. முந்தைய வருடம் கோயிலில் சூரன் போர் பார்த்திருந்தாள். முருகனின் வேல் வந்து தொடத் தொடச் சூரனுக்குத் தலை மாறும். யானைத் தலை போனால் சிங்கத் தலை, அதுவும் போனால் மாமரம். மற்றப் பிள்ளைகள் ஒரு வேஷம்தான் போடுவார்கள், தனக்கு மூன்று கிடைக்கும் என்று அவள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"விரத நாளிலை பேய் வேஷமோ?"

"சூரன் பேயில்லை, அசுரன்" என்றேன்.

"அதுக்கும் மேலை!"

பிள்ளை இடையில் புகுந்தாள். "பெரியம்மா, சூரன் வராட்டி முருகன் ஆரோடை ஃபைட் பண்ணுறது?"

"உங்கடை வளர்ப்பு" என்று மனைவி என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துத் தந்தாள்.

காலை உணவுப் பெட்டிகளை வெட்டித் தலைகள் செய்தோம். யானைக்குத் தும்பிக்கை பிள்ளையுடைய பழைய காலுறைகள் இரண்டு, உள்ளே பத்திரிகைத் தாள். சிங்கத்தின் பிடரிக்குப் தரை துடைக்கப் புதிதாக வாங்கிய மொப்பின் நூல். தீபாவளிக்கென்று பக்கத்திலுள்ள தோர்ண்டன் ஹீத் கடையில் வாங்கிய மாவிலைக் கட்டு மிச்சமிருந்தது. அதைத் தலைப்பட்டியில் சுற்றிக் கட்டினால் மாமரம். வேலுக்கு ஒரு நீளக் கரண்டியில் வெள்ளித்தாள் சுற்றினேன். அந்த வேல் என் கையில் இருக்கும் என்று ஏற்பாடு.

தின்பண்டம் மனைவியின் பொறுப்பு. கதவைத் தட்டுகிற பிள்ளைகளுக்குக் கடை மிட்டாய் கொடுத்தால் போதும் என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கடையில் வாங்கியதைக் கொடுப்பதா என்றாள். முறுக்கு மாவைக் கையால் விரல் விரலாக உருட்டி, மூட்டு வருகிற இடங்களில் கத்தியால் கீறி, நுனியில் நகத்துக்கு ஒரு தேங்காய்ச் சொட்டைச் சீவிப் பதித்தாள். பாதாம் பருப்பு வைத்தால் நகம் அசலாக இருந்திருக்கும். கொட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம் என்று தேங்காய்க்கு மாறினோம். அடியில் பீட்ரூட் சாறு தொட்டால் இரத்தம்.

வழக்கமாக உப்பை நான் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பேன், அவள் அதை ஊற்றி மாவைக் குழைப்பாள். அன்றும் கரைத்துக் கொடுத்தேன். அவள் அதற்கு முன்பே மாவில் உப்பைக் கலந்துவிட்டிருந்தாள். வேறு எந்த நாளிலும் முதல் முறுக்கை உடைத்து வாயில் போட்டவுடன் தெரிந்திருக்கும். அன்று இருவருக்கும் விரதம். பிள்ளை பள்ளிக்கூடத்தில். ஒரு சட்டி நிறைய விரல்களைச் சுவைபாராமலே பொரித்து எடுத்தோம்.

பிள்ளை வந்ததும் மனைவி முதல் விரலை அவளிடம் கொடுத்தாள். கடித்தாள். மெல்லுவதை நிறுத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

"எப்படியம்மா?"

"வெரி ஹலோவீன், பெரியம்மா."

மனைவிக்கு அது பாராட்டு. குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி பின்னால் திருப்பிய வாரம் அது. ஐந்து மணிக்கே நன்றாக இருட்டியிருந்தது. முதலில் வந்தவர்கள் மூன்று பெரிய பெடியன்கள். குறும்பா, தின்பண்டமா என்று கேட்கிற வழக்கப்படி "ட்ரிக் ஓர் ட்ரீட்?" என்றார்கள். யானைத் தலையோடு பிள்ளையே தட்டை நீட்டினாள். ஒருவன் கடித்த வேகத்தில் எங்கள் ரோஜாச் செடிக்குள் துப்பினான்.

"ட்ரிக்கடா இது! ட்ரிக்!" மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் கிடைக்கும்" என்று தும்பிக்கைக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் பதில் போனது.

மனைவி என்னைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் உப்புப் போட்டனீங்களோ?"

"தண்ணியிலை போட்டனான். நீர்?"

"ஐயோ முருகா." தட்டைப் பறிக்கப் போனாள். பிள்ளை கொடுக்கவில்லை. பெடியன்கள் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு அந்த விரலைத் தின்று பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் கதவு அவ்வளவு தட்டப்பட்ட ஒரு மாலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தட்டு காலியானதும் நான் வேலோடும் பிள்ளை தன் மூன்று தலைகளோடும் வெளியே போனோம். மனைவி எங்கள் கேற்றடியில் நின்றாள். முதல் வீடு பக்கத்து வீடு. அங்கே இருந்தவர் ஜமேக்காவில் பிறந்த, வயதான, தனியாக வாழ்ந்த பெண்மணி. வாசலில் பிள்ளை யானையாக நின்று, நான் கரண்டியால் தொட, சிங்கமாகி, மறுபடி தொட, மாமரமானாள். அந்த அம்மா கைதட்டி, கை நிறைய மிட்டாய் அள்ளிப் போட்டார்.

"அடுத்த வருடம் எந்தத் தலையோடு வரப்போகிறாய்?"

பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "அடுத்த வருடம் நான் கனடாவில். அங்கே அப்பாவுக்கு ஷிப்ட் இல்லை. இரவில் அம்மாவும் அப்பாவும் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான், இங்கே பேசுவது அங்கே கேட்கும். திரும்பிப் பார்த்தபோது கேற்றடியில் மனைவி இல்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் தங்கை வேலை முடிந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்த விஷயம்… நாங்கள் நேற்று இருந்து கதைச்சனாங்கள்…"

"வேண்டாம்" என்றாள் மனைவி. அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ கூட்டிக்கொண்டு போ. அவளுக்குக் காலிலை சப்பாத்து இறுகுது. இஞ்சை வாங்காதை, அங்கத்தைய குளிருக்கு ஏத்ததாப் போய் வாங்கு."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பால் பொங்கியது. மனைவி அதை இறக்கினாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நவம்பர் நடுவில் மூன்று பேரையும் ஹீத்ரோ விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பினோம். காரின் பின் இருக்கையில் அவள் தலைப்பட்டியிலிருந்து விழுந்த மாவிலை ஒன்று காய்ந்து கிடந்தது. அதை அடுத்த கோடை வரை நாங்கள் எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஹலோவீனுக்கும் ரொறன்ரோவிலிருந்து படம் வரும். வேஷத்துக்கு மேல் குளிர் கோட்டு, அதற்கு மேல் கடையில் வாங்கிய தொப்பி. போன வருடம் வரவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது, அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்காம் என்று தங்கை சொன்னாள். வீடியோவில் வந்து "ஹாய் பெரியப்பா, பெரியம்மா நிக்கிறாவோ?" என்று கேட்கும் குரல் பாதி பெரிய மனுசியின் குரல். நாங்கள் கடையில் மிட்டாய் வாங்கிக் கதவருகே வைக்கிறோம். பெரும்பாலும் அப்படியே மிஞ்சுகிறது.

தங்கை அன்று என்ன பதிலோடு வந்தாள் என்பதைத் தெரிந்து எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். மனைவியிடம் கேட்டால், "அது எனக்குத் தெரியவேண்டாம்" என்கிறாள். தங்கையிடம் நேரே கேட்க மனைவி விடுவதில்லை. இந்த வருடம் தங்கையின் கணவரிடம் தொலைபேசியில் மெதுவாகக் கேட்டேன்.

"அதை இப்ப ஏன் அண்ணை?" என்றார்.

பிள்ளையை ஜூலை வரை எங்களோடு விட அவர்கள் முடிவு செய்திருந்தார்களா, இல்லையா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.