பதினொன்றரைக்குக் காலியான படுக்கை

வைஜயந்தி பத்தொன்பது வருஷமாகப் புனேயில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்ட் பிரிவில் இருந்தாள். விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். நோயாளி எப்போது வந்தார், எப்போது போனார் என்று கணினியில் ஏற்றுவதுதான் வேலை. ஏற்றியதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

போன வருஷம் அவளே பார்த்தாள். கீழே அவசரப் பிரிவில் ஆட்கள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்க, மேலே படுக்கை ஏன் காலியாவதில்லை என்ற உறுத்தல். எட்டு மாதப் பதிவுகளைப் பிரித்தாள். டாக்டர் காலை பத்து மணிக்கு ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று எழுதினால் நோயாளி கிளம்ப மாலை ஐந்தானது. டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகவும், இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வரவும் ஏழு மணி நேரம். சம்மரியை முந்தின நாளே எழுதிவிடலாமே என்று கூட்டத்தில் சொன்னாள்.

நிர்வாகம் கைதட்டியது. சம்மரியை மட்டும் யாரும் முன்னால் எழுதவில்லை. கேன்டீன் பக்கத்தில் இருபது நாற்காலி போட்டு ‘டிஸ்சார்ஜ் லவுஞ்ச்’ என்று பலகை மாட்டினார்கள். டாக்டர் எழுதியதும் நோயாளியைக் கீழே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். படுக்கை பதினொன்றரைக்கே காலியானது. முதல் மாதம் வைஜயந்திக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு நர்ஸ் ஸ்டெல்லா வந்து கூப்பிட்டாள். “வந்து பாருங்கக்கா. தையல்கூடப் பிரிக்காதவங்க அஞ்சு மணி நேரமா உக்காந்திருக்காங்க.”

ஓரத்து நாற்காலியில் லக்ஷ்மிநாராயணன், எழுபத்தாறு வயது, குடலிறக்க ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். அவர் மனைவி வைஜயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவருக்குத் தலை சுத்தறதாம். செத்த நாழி படுக்க எடம் கெடைக்குமாம்மா?”

கேட்டுவர மேலே ஓடினாள். அவர் படுக்கையில் வேறொருவர் இருந்தார். அவள் இறங்கி வருவதற்குள் லக்ஷ்மிநாராயணன் எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

கணினிப்படி லக்ஷ்மிநாராயணன் பதினொன்று நாற்பதுக்கே வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு ஐம்பதுக்கு அதே பெயரில் ஒரு புது நோயாளி எலும்பு முறிவோடு வந்திருந்தார். நடுவில் நாற்காலியில் இருந்த நேரத்தைப் பதிய இடமே கிடையாது.

அந்த நேரத்தையும் பதிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். புது சாஃப்ட்வேர் வரும்போது பார்க்கலாம் என்றார் சூப்பரின்டெண்ட். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“சோட் தோ, விட்டுடு வைஜூ. உன்னால என்ன பண்ண முடியும்?” என்றான் கணவன் பட்டாபிராமன்.

“அந்த ஏழு மணி நேரத்தைக் காட்டிக் குடுத்ததே நான்தானே?”

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

விழுந்த பத்தொன்பதாம் நாள் நிமோனியாவில் லக்ஷ்மிநாராயணன் இறந்தார். டிசம்பரில் படுக்கை நிர்வாகத்துக்காக மருத்துவமனைக்கு ஒரு விருது வந்தது. வைஜயந்தியை மேடைக்கு அழைத்தார்கள், போனாள், சால்வையை வாங்கிக்கொண்டாள்.

இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் லவுஞ்சுக்குப் போய், யார் எப்போது கீழே வந்தார்கள் என்று ஒரு தாளில் குறிக்கிறாள்.

“இத யார்ட்டக்கா காட்டப்போறீங்க?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“தெரியல,” என்றுவிட்டு அடுத்த நாற்காலிக்காரரிடம் குனிந்தாள்.