ஏழாம் எண் அட்டை

மாலை ஐந்தே முக்கால் ஆனதும் அவள் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்து நிற்பாள். கையில் மூன்று புத்தகங்களும் தன்னுடைய உறுப்பினர் அட்டையும் இருக்கும். அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் சுற்றிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, அட்டையின் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, மூன்றின் பின்னட்டைத் தாளிலும் அதே எண்ணைக் குறித்துத் தேதி முத்திரை குத்துவாள். பிறகு வெளிப்பக்கம் வந்து புத்தகங்களைப் பெற்றுக்கொள்வாள். உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கிற வேலைதான். ஆனால் கொடுக்கிறவர் வேறு, வாங்குகிறவர் வேறு என்பது அவள் கட்சி.

“மேடம், வரிசையில வாங்க, வரிசையில வாங்க,” என்பார் அட்டெண்டர், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே. நாலு வருஷமாக இதே கிண்டல். அவளும் சிரிக்காமல் “கூட்டமா இருக்குப்பா, கொஞ்சம் பொறு” என்பாள்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. குதிகால் வலி இருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கடியில் ஒரு பலகைமேல் காலை வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். நூலகர் என்று பெயர்ப்பலகை சொல்கிறது. பார்க்கிற வேலையோ வேறு. விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும், பெரியவர்களுக்குப் புதன்கிழமை கணினி வகுப்பு எடுக்க வேண்டும், போன வாரம் அவர்கள் மறந்துவிட்டுப் போன கடவுச்சொல்லை இந்த வாரம் தேட வேண்டும், கழிப்பறைச் சாவியைக் கேட்டவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். சனிக்கிழமை குழந்தைகளுக்குக் கதை நேரம். சிங்கமும் அவள்தான், முயலும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொண்டை கட்டியிருக்கும். “படிக்கத்தான் யாரும் வர்றதில்ல. மத்த எல்லாத்துக்கும் நல்லாத்தான் வர்றாங்க,” என்பாள். அதில் கோபம்கூட இருக்காது, அவ்வளவு களைப்பு.

அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிற மூன்றும் எப்போதும் மூலையிலிருக்கும் கண்ணாடி அலமாரிப் புத்தகங்களாகவே இருக்கும். மேலே ‘உள்ளூர் வரலாறு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது. மொத்தம் அறுபத்தொன்று. மழைநீர் வடிகால் அறிக்கை, தெருப்பெயர் மாற்றங்களின் பட்டியல், மூடிப்போன நூற்பாலையின் ஐம்பதாம் ஆண்டு மலர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் செலவில் அச்சடித்த நினைவுகள், இப்படி. வருஷத்தில் ஒரு தடவையாவது இரவல் போகாத புத்தகம் எடைக்குப் போகும் என்பது மேலிடத்து விதி. அதனால்தான் அவளுடைய ஏழாம் எண் அட்டைக்கு ஓய்வே கிடையாது.

முத்திரையை மட்டும் குத்திவிட்டுப் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்திருக்கலாமே என்று அட்டெண்டர் ஒருமுறை யோசனை சொன்னார். அவள் முறைத்த முறைப்பில் மனிதர் அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் பக்கத்தில் வரவில்லை. “எடுத்தா படிக்கணும். படிக்காம குத்தினா அது களவு,” என்றாள். சொன்னபடி படிக்கவும் செய்தாள். வடிகால் அறிக்கையை நாலு தடவை முழுசாகப் படித்த உயிர் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். எழுதின பொறியாளரே இரண்டாம் தடவை புரட்டியிருப்பாரா என்பது சந்தேகம். பேருந்து ஓட்டுநரான கணவருடைய அட்டையில் எடுக்கிற புத்தகத்தை அவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். அவர் அலுத்துப்போய் வந்து படுத்தால், “அந்த நாலாவது அத்தியாயத்தை எடு, ரெண்டே பக்கத்துல தூங்கிடுவேன்,” என்பார்.

அவளுக்கு அந்தப் புத்தகங்கள்மேல் தீராத ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக்கு மேல் அவளுக்கே கொட்டாவி. ஆனால் நூற்பாலை மலரின் கடைசியில் நானூறு தொழிலாளிகளின் பெயர் இருக்கிறது. தபால்காரர் எந்த வீட்டில் எந்த நாய் இருந்தது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். “நல்லா இருக்குன்னா படிக்கிறேன்? நாமளும் விட்டுட்டா இதுகளுக்கு யாரு இருக்கா?” என்பாள்.

போன மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு புத்தகமாகப் பின்னட்டையைப் புரட்டினார். எல்லாத் தாளிலும் ஏழு, ஏழு, ஏழு; நடுநடுவே எட்டு.

“யாரும்மா இந்த ஏழாம் நம்பர்?”

“நான்தான் சார்.”

“எட்டு?”

“வீட்டுக்காரர்.”

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா,” என்றார். பத்து நாளில் சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் எடுத்தது கணக்கில் சேராது. மாதக் கடைசிக்குள் வெளியார் ஒருவராவது எடுக்காத புத்தகங்களுக்கு மறுநாள் வண்டி வரும். நூலகரே பட்டியல் தயாரிக்க வேண்டும். அறுபத்தொரு பெயரையும் தன் கையாலேயே மூன்று பிரதி எழுதினாள்.

தினமும் செய்தித்தாள் பார்க்க வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்களேன் என்றார் அட்டெண்டர். “கேட்டு, கெஞ்சி, தலையில கட்டி அனுப்புறதுக்கு இது என்ன பூனைக்குட்டியா?” என்று மறுத்துவிட்டாள். புத்தகங்களை வாசலருகே மேசைபோட்டுப் பரப்பி மட்டும் வைத்தாள். வந்தவர்கள் அவற்றின்மேல் குடையை வைத்தார்கள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் துடைத்துத் திரும்ப அடுக்கிவிட்டாள்.

மாதத்தின் கடைசி நாள் நாலு மணி வாக்கில் ஒரு தையல்காரப் பெண் வந்தாள். தோளில் பெரிய துணிப்பை, கழுத்தில் எடுக்க மறந்த அளவு நாடா. “இந்த ஊர்ல முந்தி எங்கெங்க கிணறு இருந்துச்சுன்னு ஒரு புக்கு இருக்காமே மேடம்?” என்றாள்.

நூலகர் பலகையிலிருந்து காலை எடுத்தாள். அந்தப் பெண்ணே மேலே சொன்னாள். வீடு கட்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது, சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். கட்டினவர், நீங்கள் தண்ணீர் விட்டுக் கழுவுகிறதால் வந்தது என்று கையை விரித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அடியில் ஏதாவது கிணறு இருந்திருக்கும் என்றாராம். “கடையை மூடிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.”

“இருக்கு. ஆனா வெளிய போயிருக்கு.”

“ஐயோ. யாரு எடுத்துட்டுப் போனது?”

“நான்தான்,” என்றாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. நாலு வருஷம் ஒருவரும் கேட்காத புத்தகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சுமந்துபோய், கேட்டு வந்தவளுக்கு இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அதை மட்டும் கடைசி முறையாகப் படித்துவிட்டு நாளைக் காலை வண்டியில் ஏற்றலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, “உக்காருங்க, அரை மணி நேரம்,” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

தையல்காரி வரைபடத்தில் விரலை வைத்து எண்ணினாள். பள்ளிக்கூட மதில், திருப்பம், மூன்றாவது மனை. பதினாலாம் எண் கிணறு. ஆழம் முப்பத்தெட்டு அடி. குப்பை கொட்டி மூடப்பட்டது. “அடப்பாவி. ரெண்டு வருஷமா கிணத்து மேலயா படுத்துத் தூங்குறோம்?” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைபேசியில் பக்கத்தைப் படம் எடுத்தாள். “இது போதும் மேடம். இனி அந்த ஆளு என்கிட்ட வாயைத் திறக்கட்டும்,” என்று எழுந்தாள்.

படம் எடுத்தது கணக்கில் வராது. நூலகர் அந்தப் பெண்ணின் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

“இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?”

“அதான் படம் எடுத்துட்டேனே.”

“படிக்கவே வேணாம். சும்மா வெச்சிருந்துட்டு ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டாங்க.” சொல்லும்போதே முகம் சுட்டது. இதைத்தான் அவள் களவு என்று சொல்லியிருந்தாள்.

“எதுக்கு மேடம்?”

விதியையும் வண்டியையும் பட்டியலையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள். தையல்காரி அலமாரியை ஒரு தடவை பார்த்தாள். “ஒரு அட்டைக்கு எத்தனை தருவீங்க?”

“மூணு.”

முகவரிச் சான்றுக்கு, வீடு கட்டினவரோடு போடுகிற சண்டைக்காக எடுத்து வந்த மின்கட்டண ரசீது பையிலேயே இருந்தது. விண்ணப்பத்தை நூலகரே நிரப்பி, அட்டை போட்டாள். மணி ஆறு. அட்டெண்டர் ஜன்னலைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார், கிண்டலும் செய்யவில்லை. தையல்காரி பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவையும் வெட்டின துணிகளையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கிணற்றுப் புத்தகத்தை உள்ளே போட்டு, பையின் வாயை அகலமாகத் திறந்து பிடித்தாள்.

“இன்னும் ரெண்டு எடுங்க மேடம்.”

அறுபது இருந்தன. நூலகர் கண்ணாடிக் கதவைத் திறந்து கையை நீட்டினாள். கை தபால்காரரிடம் போயிற்று, நூற்பாலையிடம் போயிற்று, ஒன்றையும் தொடாமல் திரும்பிவிட்டது. எதை எடுத்தாலும் மற்ற ஐம்பத்தெட்டையும் அவளே வண்டியில் ஏற்றின மாதிரி ஆகும். நாலு வருஷம் அவள் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்ததில்லை. வரிசையாகத்தான் எடுத்து வந்திருந்தாள்.

“நீங்களே எடுங்கம்மா,” என்று சொல்லி விலகி, சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.