பாய் கடைப் பந்து மிஷினும் என் சிவப்பு ஒட்டும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே பின்பால் மிஷின் ரிப்பேரில் என்னை மிஞ்ச ஆளில்லை. பொய். எனக்குத் தெரிந்து ஜில்லாவில் இருந்ததே ஒரு மிஷின்தான். அதையும் ஒரே ஒரு தடவைதான் தொட்டேன். தொட்டதில் ஒரு மனிதரின் கடையே போயிற்று.

பூதலூர் ஸ்டேஷன் பக்கத்தில் நாகூர்க்காரர் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அனுப்பிய, காசு போட்டு விளையாடுகிற மிஷின் அது. கண்ணாடிக்குக் கீழே இரும்புக் குண்டு உருண்டு வரும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் கைகள் அதை மேலே தட்டிவிடும். பண்ணையாளானாலும் மிராசுதார் வீட்டுப் பிள்ளையானாலும் அதே பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். வேறெங்கும் அவர்கள் ஒரே பொருளைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மிஷினின் இடது கை கழுத்தோடு முறிந்தது. நான் தெருத்தெருவாகப் போய் உடைந்த பிளாஸ்டிக் குடமும் வாளியும் ஒட்டுகிறவன். படிப்பு மூன்றாம் வகுப்பு, வாய் மட்டும் எம்.ஏ.

"சிங்கப்பூர் சாமானாச்சே, முடியுமா தம்பி?" என்றார் பாய்.

"லண்டன் சாமானா இருந்தாலும் சூடு வச்சா உருகத்தானே பாய் செய்யும்."

உருகத்தான் செய்தது. முதல் சூட்டில் கை வெண்டைக்காய் மாதிரி வளைந்துபோனது. நிமிர்த்தி, செப்புக் கம்பியைக் காய்ச்சி இரண்டு துண்டையும் தைத்தேன். மேலே உருக்கிப் பூச மஞ்சள் பிளாஸ்டிக் இல்லை. பையில் கிடந்தது ஒரு வாளியின் உடைந்த விளிம்பு. சிவப்பு. அதையே பூசி, அரத்தால் ராவி மாட்டினேன். குண்டு பறந்தது.

அறுப்புக் கூலிக்காகப் பண்ணையாட்கள் சங்கமும் மிராசுதார்களும் மல்லுக்கட்டிய வருஷம் அது. சங்கத்துக் கொடியும் சிவப்பு. சாயங்காலம் சங்கத்து ஆட்கள் வந்து, "நம்ம கை பாய், நம்ம கை!" என்று கடை அதிரக் கத்தினார்கள். மறுநாள் காலை மிராசுதாரின் காரியஸ்தர் வந்து நின்றார். கடை இருந்தது மிராசுதார் மனையில்.

"என்ன பாய், கொடி ஏத்தியாச்சு போல?"

"பிளாஸ்டிக்குங்க."

"எவன் போட்டான்? ஆளைக் காட்டுங்க, நீங்க இருந்துக்கலாம். இல்லன்னா இடத்தைக் காலி பண்ணுங்க."

நான் மிஷினுக்குப் பின்னால் குந்தி, ஒயரைத் தேடுகிறவன் மாதிரி தரையைத் துழாவிக்கொண்டிருந்தேன். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாங்க போடச் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை பாய் கடையைக் காலி பண்ணினார், மிஷின் லாரியில் ஏறியது. "நாகூர் வரைக்கும் ஒட்டு தாங்குமா தம்பி?" அவ்வளவுதான் கேட்டார். "தாங்கும் பாய்" என்றேன்.

அதற்குப் பிறகு, ஒட்டியவன் நான்தான் என்று தெரிந்து, ஊரில் எனக்கு ஏக மரியாதை. மிராசுதார் மனையிலேயே சிவப்பு வைத்த வீரன் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த வீரத்தைச் சொல்லி டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் கிடைத்திருந்தால் மஞ்சள்தான் பூசியிருப்பேன். அன்றைக்குப் பாயின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லாரி கிளம்பியபோது நான் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல்...

"ஏங்க, எத்தன தடவ கூப்புடுறது? வாசல்ல ஆளு நிக்குது, வாங்க!"

வீட்டுக்காரி. நல்ல நேரத்தில்தான் கூப்பிடுகிறாள்.