வாய்க்கட்டு

என் வாய்க்குப் பூட்டுப் போட்ட பல் டாக்டரை நான் முதல் நாளே நம்பவில்லை. கண்டி டவுனில் மூன்று மாடி ஏறிப் போகிற கிளினிக். உடம்பு குறைக்க வருகிறவர்களை இப்படி மூச்சு வாங்க ஏறவைப்பதுதான் வைத்தியமோ என்னவோ. சுவரெல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற பெண்களின் படம். ஒருத்திக்கும் என் உடம்பில் பாதிகூட இல்லை.

அழகுக்காகப் போகவில்லை. கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் இரத்தம் போய், கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "இந்த எடையில மயக்கம் குடுத்தா நீங்க எழும்புவீங்கன்னு என்னால சொல்ல ஏலாது. பத்துக் கிலோ இறக்கிட்டு வாங்க" என்றார். மூன்று மாதம் பாடுபட்டேன். இறங்கியது ஒரு கிலோ. அதுவும் செருப்பைக் கழற்றியதால் இறங்கியிருக்கும்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு ஓடி வந்தார். அவருக்குப் பிலிமத்தலாவையில் ஒரு புடவைக் கடையில் வேலை. "பல்லுல காந்தம் மாட்டுறாங்களாம். வாய் ஒரு கீத்துதான் தொறக்குமாம். கஞ்சி, சூப்பு மட்டும்தான் உள்ள போகுமாம்" என்றார். அந்த முகத்தில் இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிற மனுஷன். நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று ஊர்பூராவும் சொல்லிச் சிரிக்கிறவர். என் வாயைப் பூட்ட ஒரு டாக்டர் இருக்கிறார் என்றால் அவருக்கு ஏன் கசக்கும்?

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "பயப்பிடாதேங்கோ அக்கா. கதைக்கலாம், பல்லுக்குள்ளால கதைக்கோணும், அவ்வளவுதான். சத்தி வந்தா மட்டும் இந்தச் சாவியால உடன திறக்கோணும்" என்றார். சத்தி என்றால் அவர்கள் பக்கம் வாந்தி. மேல் கடைவாய்ப் பல்லிலும் கீழ்க் கடைவாய்ப் பல்லிலும் எதையோ ஒட்டினார். இரண்டு காந்தமும் டக்கென்று பிடித்துக்கொண்டன. திருகாணி கழற்றுவது போல ஒரு சின்னச் சாவியை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் வீட்டுக்காரர் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீ தொலைச்சிடுவ" என்றார்.

என் வாய்க்குச் சாவி அவர் பையிலா! கேட்கப் போனேன். வெறும் காற்றுத்தான் வந்தது. டாக்டர் சிரித்தார். இவர்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்.

பள்ளிக்கூட விடுமுறை அது. நான் வீட்டில் இருந்தேன், சரி. அவர் ஏன் இருந்தார்? தீபாவளிக்கே லீவு எடுக்காத ஆள், இரண்டு நாள் என்று போட்ட லீவை நீட்டிக்கொண்டே போனார். நான் அடுப்படிக்குப் போனால் அவரும் தண்ணீர் குடிக்க வருவார். சோற்றுப் பானைக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, வீம்புக்கென்றே கொத்துரொட்டியைத் தண்ணீர் விட்டு பிளென்டரில் அடித்துக் குடித்தேன். தூ! அதைச் சாப்பாடு என்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் எடை இறங்கியது. இறங்க இறங்க எனக்கு ஆத்திரம் கூடியது. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. பல்லுக்குள்ளால் பேசினால் அவர் "என்ன? என்ன?" என்பார். நாலாம் தடவை சொல்வதற்குள் எனக்கே வெறுத்துப்போகும். அவருக்கு இது சொர்க்கமாக இருக்கும் என்று கறுவிக்கொண்டே கிடந்தேன்.

மூன்றாவது வாரம் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா வந்தார். கதவைத் திறந்து "வாங்கம்மா" என்றேன். என் வாய் அசையாததைப் பார்த்ததும் கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டார்.

"அய்யோ, யாருடி செஞ்சது?"

"பல்லு டாக்டர்."

"டாக்டரு மந்திரிப்பாரா? இது வாய்க்கட்டுடி!"

எங்கள் தோட்டப்பக்கம் வாய்க்கட்டு என்றால் மந்திரம்தான். வழக்கில் சாட்சி சொல்லிவிடக் கூடாது, பெண்டாட்டி எதிர்த்துப் பேசக் கூடாது என்று ஆள் பிடித்து நாக்கைக் கட்டிவிடுவார்களாம். இதையெல்லாம் கேலி பண்ணியே வளர்ந்தவள் நான். ஆனால் அன்று சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக நானும் வேறு வார்த்தையில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நேரே அவரிடம் போனார். "மாப்பிள்ள, எம் புள்ள பேசுறது புடிக்கலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் கூட்டிட்டுப் போயிருப்பேன். இப்படியா கட்டுவீங்க? அவுத்து விடுங்க!"

பாவம், மனுஷன் வெலவெலத்துப் போனார். மந்திரமில்லை, வைத்தியம் என்று காட்டுகிற அவசரத்தில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"பாத்தியாடி! இவருதான் வச்சிருக்காரு!"

எனக்கும் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு எழுத்தாக, எச்சில் தெறிக்கக் கேட்டேன்: "நான் பேசாம இருக்கிறது உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

அந்த ஒன்று மட்டும் அவருக்கு முதல் தடவையிலேயே விளங்கியது.

"மொத ரெண்டு நாளு சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். "சாவி ஒங்கையில இருந்தா நீ கழட்டிடுவ. கழட்டினா எடை எறங்காது, ஆபரேஷனும் இல்ல. அதான் வச்சிக்கிட்டேன். மூணாம் நாளு இந்தக் கதிரையில ஒக்காந்திருந்தேன். ஒரு சத்தமில்ல. ஆபரேஷன்ல நீ எழும்பலன்னா வீடு இப்படித்தான இருக்கும்னு தோணிச்சு. அதுக்குப் பொறகு கடைக்குப் போக மனசே வரல."

அம்மா எனக்கென்று கொண்டுவந்த திருநீற்றை மாப்பிள்ளை நெற்றியில் பூசிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அன்று பின்னேரம் முழுவதும் என் வாய் ஓயவில்லை. ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டதற்கு, குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்கு, மூன்று வாரமாக என்னிடம் ஒன்றும் சொல்லாததற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பல்லுக்குள்ளாலேயே திட்டித் தீர்த்தேன். பாதி அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் ஒரு தடவைகூட "என்ன?" என்று கேட்காமல், டீவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.